பூட்டாத கதவும் கணக்கில் வராத திருட்டும்: அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் பாதுகாப்பாக இருக்க ஒரு முழு வழிகாட்டி

அட்மிஷன் கடிதம் வந்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அந்த ஊர் சேஃபா?" உடனே மாணவர் இரண்டு காரியம் செய்வார். அங்கே படிக்கும் சீனியரை வாட்ஸ்அப்பில் பிடிப்பார். பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'க்ரைம்' என்று சேர்த்துத் தேடுவார். சீனியர் "ஒண்ணும் பிரச்சினை இல்லடா, ராத்திரியில மட்டும் பாத்து இரு" என்பார். தேடலில் துப்பாக்கிச் சூடும் கொலையுமாக வந்து விழும். இரண்டாலும் பிரயோஜனம் இல்லை. முன்னது ஒருவருடைய இரண்டு வருட அதிர்ஷ்டம், பின்னது செய்தியாகும் அளவுக்கு அபூர்வமாக நடந்தது.

நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் பேர் படிக்கும் ஒரு வளாகம் என்பது ஒரு சிறு நகரம். அதற்குச் சொந்தப் போலீஸ் உண்டு, பேருந்து உண்டு, சில இடங்களில் மருத்துவமனைகூட உண்டு. நகரத்தில் நடப்பதெல்லாம் அங்கேயும் நடக்கும். அது எங்கே, எந்த அளவில், யாருக்கு நடக்கிறது என்பதை எழுதி வைத்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தால் பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதி சரியான இடத்துக்கு நகர்ந்துவிடும்.

முதலில், இந்தக் கணக்கு எப்படி வந்தது

1986 ஏப்ரல் 5. பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்த 19 வயது ஜீன் கிளெரி, விடுதி அறையில் வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கொன்றவன் அதே பல்கலைக்கழக மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் மூன்று கதவுகளைத் தாண்டி அவன் உள்ளே வந்தான். எதையும் உடைக்கவில்லை. வந்துபோகும் வசதிக்காக மாணவர்கள் அந்தக் கதவுகளுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வளாகத்தில் அதற்கு முந்தைய ஆண்டுகளில் நடந்த வன்முறைக் குற்றங்கள் மாணவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை என்பது பெற்றோருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஹோவர்ட், கானி கிளெரி இருவரும் விடாமல் போராடியதில் 1990-இல் வந்தது கிளெரி சட்டம்.

அரசு நிதியுதவித் திட்டங்களில் சேர்ந்திருக்கும் எல்லாக் கல்லூரிகளுக்கும், அதாவது கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரிகளுக்கும், இது பொருந்தும். மீறினால் அபராதம். மிஷிகன் ஸ்டேட் 2019-இல் 45 லட்சம் டாலரும், லிபர்ட்டி பல்கலைக்கழகம் 2024-இல் 1 கோடியே 40 லட்சம் டாலரும் கட்ட நேர்ந்தது.

ஆண்டறிக்கையை எடுத்துப் படியுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-க்குள் 'ஆனுவல் செக்யூரிட்டி ரிப்போர்ட்' என்ற அறிக்கையை வெளியிட வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்ற எண்ணிக்கை அதில் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். நூறு பக்கம், இருநூறு பக்கம் என்று மிரட்டும். பெரும்பகுதி விதிமுறைகள்தான். நேராக அட்டவணைக்குப் போங்கள்.

அட்டவணையில் இடத்தைப் பொறுத்து நான்கு வகை இருக்கும்: வளாகம், வளாகத்துக்குள் இருக்கும் விடுதிகள், வளாகத்துக்கு வெளியே பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலுள்ள கட்டடங்கள், வளாகத்தை ஒட்டிய பொதுச் சாலையும் நடைபாதையும். விடுதியின் எண் ஏற்கெனவே வளாக எண்ணுக்குள் அடங்கியது. நான்கையும் கூட்டி "இவ்வளவா!" என்று அலறுகிறவர்கள் விடுதிக் குற்றத்தை இரண்டு முறை எண்ணிவிடுகிறார்கள்.

அடுத்து, தலைக்கணக்கு போடுங்கள். ஐம்பதாயிரம் மாணவர் உள்ள இடத்தில் வருடத்துக்கு 25 உள்புகுந்த திருட்டு என்றால் ஆயிரம் பேருக்கு 0.5. ஐயாயிரம் பேர் உள்ள அமைதியான சிறு கல்லூரியில் 5 என்றால் ஆயிரம் பேருக்கு 1. பார்வைக்கு 25 பெரியதாகத் தெரிந்தாலும் சிறு கல்லூரியில்தான் விகிதம் இரட்டிப்பு.

ஒரு வருடம் மட்டும் எண் திடீரென்று எகிறியிருந்தால் பதறாமல் அடிக்குறிப்பைப் பாருங்கள். குற்றம் நடந்த வருடத்தில் அல்ல, புகார் வந்த வருடத்தில்தான் அது பதிவாகும். ஓஹையோ ஸ்டேட்டில் 1978-லிருந்து 1998 வரை வேலை பார்த்த ஒரு மருத்துவரின் பாலியல் அத்துமீறல்கள் 2018-க்குப் பிறகு வெளிவந்தன. பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்தவை அப்போதைய அறிக்கைகளில் ஏறி, எண்ணைத் தூக்கின. வாகனத் திருட்டு பல வளாகங்களில் கூடியிருப்பதற்கும் இதுபோல ஒரு சாதாரணக் காரணம் உண்டு. மின்சார ஸ்கூட்டர் களவு போனாலும் பல பல்கலைக்கழகங்கள் அதை வாகனத் திருட்டு என்றே எழுதுகின்றன.

பாலியல் குற்றங்களுக்கான வரியில் எனக்குப் பெரிய எண்ணைவிடப் பூஜ்யம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 89 கல்லூரி வளாகங்கள் வன்புணர்வு 'பூஜ்யம்' என்று காட்டியிருந்ததை அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் சுட்டிக்காட்டியது. அத்தனை இடத்திலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று நம்ப நான் தயாராக இல்லை. பல ஆயிரம் பேர் வாழும் இடத்தில் மூன்று வருடமும் பூஜ்யம் என்றால், போய்ச் சொல்லும் அளவுக்கு யாருக்கும் நம்பிக்கை இல்லை என்பதே பெரும்பாலும் அர்த்தம். வருடா வருடம் மெல்லக் கூடும் எண், புகார் வாங்கும் அலுவலகம் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம்.

மது தொடர்பான நடவடிக்கை என்ற வரியில் நூற்றுக்கணக்கில் நிற்கும் எண்ணைக் கண்டு வீட்டில் யாரும் கலங்க வேண்டாம். 21 வயது நிரம்பாதவர்கள் விடுதி அறையில் பீர் வைத்திருந்து மாட்டிக்கொண்டதுதான் அதில் பெரும்பாலும்.

அறிக்கையில் இல்லாததைத் தேடுங்கள்

சாதாரணத் திருட்டு இந்த ஆண்டறிக்கையில் வராது. நூலக மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன லேப்டாப், சைக்கிள் நிறுத்தத்தில் காணாமல் போன சைக்கிள், ஜிம்மில் போன பர்ஸ் எதற்கும் இங்கே இடமில்லை. இனம், மதம் போன்ற வெறுப்பின் காரணமாகத் திருடினால் மட்டும்தான் எண்ணப்படும். வளாகத்தில் ஒரு மாணவருக்கு மிகச் சாதாரணமாக நடக்கக்கூடிய குற்றம் எதுவோ அது ஆண்டறிக்கையிலேயே இல்லை! இதே லேப்டாப் உங்கள் அறைக்குள் யாரோ புகுந்து எடுத்ததாக இருந்தால் கணக்கில் வந்துவிடும். அறை பூட்டியிருந்ததா இல்லையா என்பதுகூடப் பொருட்டல்ல.

சைக்கிளும் பர்ஸும் வேறோர் இடத்தில் இருக்கின்றன. வளாகப் போலீஸோ பாதுகாப்புத் துறையோ உள்ள ஒவ்வொரு கல்லூரியும் 'டெய்லி க்ரைம் லாக்' என்ற தினசரிப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். புகார் வந்து இரண்டு வேலை நாட்களுக்குள் என்ன, எப்போது, ஏறக்குறைய எங்கே என்று அதில் ஏறிவிடும். கடைசி 60 நாள் பதிவை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். நீங்கள் மாணவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பல பல்கலைக்கழகங்கள் இணையத்திலேயே போட்டுவிடுகின்றன. சேரும் முன்பே ஒரு மாதப் பதிவை வாசித்துப் பாருங்கள். எந்தக் கட்டடத்தில் லேப்டாப் போகிறது, எந்த நிறுத்தத்தில் சைக்கிள் போகிறது, எந்தக் கிழமை இரவு அடிதடி நடக்கிறது என்று ஊரே கண்முன் வந்துவிடும். ஒரு மணி நேரத்தில், இரண்டு வருடம் அங்கே இருந்த சீனியரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. இங்கிருந்து போகும் முதுநிலை மாணவர்களில் பெரும்பாலோர் விடுதியில் இருப்பதில்லை. மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து வெளியே அபார்ட்மெண்ட் எடுக்கிறார்கள். வளாகத்தை ஒட்டிய நடைபாதை வரைதான் கிளெரி கணக்கு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் தனியார் அபார்ட்மெண்டில் என்ன நடந்தாலும் அறிக்கையில் வராது. நீங்கள் வாழப்போகும் இடத்துக்கு அந்த நகரப் போலீஸின் கணக்குதான் கணக்கு. பல நகரங்கள் குற்ற வரைபடத்தை இணையத்தில் தருகின்றன. வீட்டு முகவரி, பேருந்து நிறுத்தம், மளிகைக் கடை மூன்றையும் அதில் குறித்து, இடையில் நடக்கப்போகும் தெருக்களை மட்டும் பாருங்கள்.

லீஸில் கையெழுத்துப் போடும் முன்

வாடகை விளம்பரத்தைக் கண்டு முன்பணம் அனுப்பி ஏமாறுவது, விமானம் ஏறும் முன்பே நடந்துவிடும் குற்றம். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், டெபாசிட்டை ஸெல்லில் போடு" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஸெல் என்பது வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் சேவை. அதில் போன பணம், கையில் ரொக்கமாகக் கொடுத்த மாதிரி. அந்த ஊரில் இருக்கும் யாராவது நேரில் போய் வீட்டைத் திறந்து பார்க்காமல் ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம். மாணவர் சங்கத்தில் கேட்டால் பெரும்பாலும் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

வீடு பார்க்கப் போகிறவரிடம் சமையலறையைப் படமெடுக்கச் சொல்வதைவிட இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: வெளிக்கதவில் கைப்பிடிப் பூட்டு தவிர டெட்போல்ட் (சாவியால் திருப்பும் தனித் தாழ்) உண்டா, தரைத்தள ஜன்னல் உள்ளிருந்து தாழ்படுகிறதா, நிறுத்தத்திலிருந்து வாசல் வரை விளக்கு எரிகிறதா, கட்டடத்தின் முன்கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா அல்லது செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்களா. கடைசியில் சொன்னதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1986-இல் அந்த விடுதியில் இருந்ததும் இதேதான். முந்தைய வாடகைக்காரர் போன பிறகு பூட்டு மாற்றப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வாடகைதாரர் காப்பீடு எடுங்கள். பெரும்பாலும் மாதம் 10 முதல் 20 டாலருக்குள் முடியும். பல திட்டங்களில் வீட்டுக்கு வெளியே போன லேப்டாப்புக்கும் பணம் கிடைக்கும். ஆனால் முதல் சில நூறு டாலர் உங்கள் கையிலிருந்து போகும், போலீஸ் புகார் எண்ணும் வேண்டும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

அவசர எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்கு உங்கள் அமெரிக்க எண்ணைப் பதிவு செய்யுங்கள். பலருக்கு மின்னஞ்சல் மட்டும் பதிவாகியிருக்கும். சிலருக்கு, ஊர் எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்ததால் அதுவே பதிவில் இருக்கும்.

வளாகப் போலீஸின் இரண்டு எண்களையும் சேமியுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 911. மற்றதற்கு அவசரமில்லாத எண். வளாகப் போலீஸ் என்றால் வாசல் காவலாளி என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் அவர்கள் துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் உள்ள முழுப் போலீஸ்.

கைபேசியிலிருந்து 911 அழைத்தால் அது நகரத்தின் அல்லது கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) மையத்துக்குப் போகலாம். அங்கே இருப்பவருக்கு "இன்ஜினியரிங் பில்டிங் பக்கத்தில்" என்றால் புரியாது. முதல் வாக்கியமே இடமாக இருக்கட்டும்: பல்கலைக்கழகப் பெயர், கட்டடப் பெயர், தளம், அறை எண். பதற்றத்தில் ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான மையங்கள் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைக்கும். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் பல ஊர்களில் 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். உங்கள் ஊரில் உண்டா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

இரவுப் பேருந்து, இலவச இரவு வண்டி, கூட நடந்து வரும் துணைச் சேவை என்று பெரிய வளாகங்களில் ஏதாவது ஒன்று இருக்கும். அது எத்தனை மணி வரை, எந்த எல்லை வரை என்பதுதான் முக்கியம். ஆய்வகத்தில் இரவு இரண்டு மணி வரை இருக்கப் போகிறவருக்கு ஒரு மணிக்கு நிற்கும் வண்டி இருந்தும் இல்லாததுதான். அவசர அழைப்புப் பொத்தான் உள்ள நீல விளக்குக் கம்பங்களை நம்பி வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கையில் போன் இருக்கும் காலம் இது, சில வளாகங்கள் அவற்றை எடுத்தும்விட்டன. ஆள் நடமாட்டமுள்ள வழி ஐந்து நிமிடம் சுற்று என்றாலும் பரவாயில்லை. ஒரு காதில் மட்டும் இயர்போன்.

"நான் மஃப்டியில் இருக்கும் போலீஸ், வண்டியில் ஏறு" என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். 911-ஐ அழைத்து, இங்கே ஒரு அதிகாரி இருக்கிறாரா என்று கேளுங்கள். உண்மையான அதிகாரி காத்திருப்பார். 2017 ஜூனில் இலினாய் பல்கலைக்கழகத்தில் பேருந்துக்காக நின்ற சீன ஆய்வாளர் ஒருவர் காரில் கடத்திக் கொல்லப்பட்டார். அன்று காலையில் அதே ஆள் தன்னைப் போலீஸ் என்று சொல்லி இன்னொரு பெண்ணை ஏற்றப் பார்த்தான். அவர் ஏறவில்லை.

பொருளைக் காப்பது

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சைக்கிளுக்கு 'யூ' வடிவப் பூட்டு. சக்கரத்தை மட்டுமல்ல, சைக்கிளின் சட்டத்தையும் (ஃபிரேம்) சேர்த்து, அசையாத கம்பியோடு. வயர் பூட்டு சில நொடியில் அறுபடும். நான் வாங்கிய முதல் சைக்கிள் போனபோது நிறுத்தத்தில் மிச்சமிருந்தது அந்த வயர்தான். வரிசை எண்ணைப் படமெடுத்து வளாகப் போலீஸில் பதிவு செய்யுங்கள், பெரும்பாலும் இலவசம். லேப்டாப்பின் வரிசை எண்ணையும் எழுதி வையுங்கள். நூலகத்தில் எழுந்து போனால் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவதும் ஒருவகையில் முட்டுக் கொடுத்த கதவுதான். இணையத்தில் பழைய பொருள் வாங்கவோ விற்கவோ சந்திப்பதாக இருந்தால் போலீஸ் நிலைய வாசலில் சந்தியுங்கள். பல ஊர்களில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தொலைபேசியில் வரும் கொள்ளை

இருட்டுத் தெருவைக் கண்டு பயப்படும் மாணவர்கள், பகல் பதினொரு மணிக்கு வரும் அழைப்பில் மொத்தச் சேமிப்பையும் கொடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைக்கும் குற்றங்களில் எனக்கு மிகவும் கவலை தருவது இது. படித்தவர்கள் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. அழைப்பவன் தொடுவது அறிவை அல்ல, விசாவை.

அழைப்பு இப்படி இருக்கும்: "குடியேற்றத் துறையிலிருந்து பேசுகிறோம். உங்கள் படிவத்தில் பிழை. இன்றே அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம். போனை வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது." திரையில் தெரியும் எண் உண்மையான அரசு அலுவலகத்தின் எண்ணாகவோ இந்தியத் தூதரகத்தின் எண்ணாகவோ இருக்கும். அப்படிப் போலியாகக் காட்டுவது சுலபம். உங்கள் பெயர், பாடப்பிரிவு எல்லாம் சரியாகச் சொல்வான். அவை பல்கலைக்கழகத்தின் இணைய முகவரிப் பட்டியலிலேயே கிடைப்பவை. பிறகு கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைப் படிக்கச் சொல்வான், அல்லது கிரிப்டோவில் போடச் சொல்வான்.

எந்த அமெரிக்க அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதில்லை. போனை வைப்பது குற்றமும் இல்லை. வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை நீங்களாகவே அழையுங்கள். உங்கள் விசா நிலையில் உண்மையில் சிக்கல் என்றால் உங்கள் ஆவணங்களைப் பார்க்கும் அலுவலருக்கு அது தெரியும்.

இரண்டாவது வலை, பகுதிநேர வேலை. பேராசிரியர் பெயரில் மின்னஞ்சல் வரும்: ஆய்வு உதவியாளர் வேண்டும், வாரம் சில மணி நேரம், வீட்டிலிருந்தே. ஒரு செக் அனுப்புவார்கள். "டெபாசிட் செய், உன் சம்பளத்தை எடுத்துக்கொள், மீதியைப் பொருள் விற்பவருக்கு அனுப்பு." ஓரிரு நாளில் பணம் கணக்கில் தெரியும். நீங்கள் மீதியை அனுப்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துச் செக் போலி என்று வங்கி மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு இதில் இன்னொரு முள்ளும் உண்டு. அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை பார்ப்பதே விசா மீறல் என்பதால், ஏமாந்தவர் வெளியே சொல்லவே அஞ்சுவார். ஏமாற்றுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள்: முதலில் வங்கி, பிறகு வளாகப் போலீஸ், பிறகு எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம். வேலை விஷயத்தில் தயக்கமிருந்தால் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் எச்சரிக்கை வந்தால்

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக்கில் காலை 7:15 மணியளவில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26-க்கு. அடுத்த அரை மணி நேரத்துக்குள் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் 30 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே வகுப்பெடுத்துக்கொண்டிருந்த நீரியல் பேராசிரியர் ஜி. வி. லோகநாதனும் அவர்களில் ஒருவர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து போனவர். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்துக்காகக் கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு அபராதம் போட்டது. 2008-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்து உறுதியானதும் உடனே அறிவிக்க வேண்டும் என்று ஆனது.

அதனால் இன்று உங்களுக்கு வரும் செய்திகள் இரண்டு வகை. ஒன்று அவசர அறிவிப்பு: ஆபத்து இப்போது நடக்கிறது, சொன்னதை உடனே செய்யுங்கள். இன்னொன்று 'டைம்லி வார்னிங்': குற்றம் நடந்துவிட்டது, செய்தவன் வெளியே இருக்கலாம், கவனமாக இருங்கள். இரண்டாவது வகை மாதத்தில் இரண்டு வந்தாலும் ஊர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சலித்துப்போய் அறிவிப்பை அணைத்துவிடாதீர்கள்.

துப்பாக்கிச் சூடு என்றால் அங்கே சொல்லித் தருவது மூன்று: ஓடு, ஒளி, போராடு. இந்த வரிசையிலேயே. வெளியேற முடிந்தால் பையை விட்டுவிட்டு ஓடுங்கள். முடியாவிட்டால் கதவைப் பூட்டி, மேசைகளை அண்டக் கொடுத்து, விளக்கை அணைத்து, போனை அதிர்வுகூட இல்லாமல் வையுங்கள். போராடுவது வேறு வழியே இல்லாதபோது. போலீஸ் உள்ளே வரும்போது கைகள் காலியாக, விரித்து, மேலே இருக்கட்டும். யார் குற்றவாளி என்று அவர்களுக்கு அந்த நொடியில் தெரியாது. இந்த வாரம் உங்கள் வகுப்பறைக் கதவு உள்ளிருந்து பூட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்து வையுங்கள், போதும். தினமும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சில மாநிலங்களில் உரிமம் பெற்றவர் வளாகத்துக்குள் துப்பாக்கி மறைத்து வைத்திருக்கலாம். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் இது 2016 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்தது. ஆஸ்டின் வளாகக் கோபுரத்திலிருந்து நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, அதே தேதியில். உங்கள் மாநிலத்தின் விதி என்ன என்று ஆண்டறிக்கையிலேயே பாருங்கள்.

உங்களுக்கு ஏதாவது நடந்துவிட்டால், யாரிடம் சொல்வது

திருட்டு என்றால் எளிது. போலீஸில் புகார், எண் வாங்குதல், வங்கி அட்டையை முடக்குதல். பாஸ்போர்ட் போயிருந்தால் புகார் நகலோடு இந்தியத் துணைத் தூதரகம். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் ஒரு வரி.

பாலியல் அத்துமீறல், பின்தொடர்தல், காதலரோ துணையோ அடிப்பது என்றால் நிலைமை வேறு. வளாகத்தில் இவற்றைச் செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். புதருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முகம் தெரியாத ஆள் அல்ல. வகுப்புத் தோழர், ரூம்மேட்டின் நண்பர், சில சமயம் நம்ம ஊர்க்காரர், சில சமயம் ஆய்வு நெறியாளர். அதனால்தான் சொல்வது கஷ்டம்.

யாரிடம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, சொன்னது எங்கே போகும் என்பது மாறும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள், விடுதிப் பொறுப்பாளர்கள், கற்பித்தல் உதவியாளர்கள் ஆகியோருக்குத் தங்கள் காதில் விழுந்ததைத் 'டைட்டில் நைன்' அலுவலகத்துக்கு (கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தைக் கவனிக்கும் அலுவலகம்) சொல்லும் கடமை உண்டு. "யாரிடமும் சொல்லாதீங்க" என்று நீங்கள் கெஞ்சினாலும் அவர்களால் முடியாது. (நீங்களே கற்பித்தல் உதவியாளராக இருந்தால் இந்தக் கடமை உங்களுக்கும் இருக்கலாம். பயிற்சிக் காணொளியை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் கவனிக்க.) ரகசியம் காக்கக்கூடியவர்கள் தனி: மாணவர் மனநல ஆலோசகர், மருத்துவர், பாதிக்கப்பட்டோருக்கான வளாக ஆலோசகர். யார் யார் ரகசியம் காப்பவர் என்று ஆண்டறிக்கையிலோ 'டைட்டில் நைன்' பக்கத்திலோ பட்டியல் இருக்கும். என்ன செய்வதென்று முடிவெடுக்காதவர் முதலில் அங்கே போகட்டும். "நான் சொல்வது ரகசியமாக இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம், தப்பே இல்லை.

பாலியல் வன்முறை நடந்திருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போக முடிந்தால் நல்லது. மாற்றிவிட்டால் உடையைக் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். தடயவியல் மருத்துவப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. அதைச் செய்துகொள்ளப் போலீஸ் புகார் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, கூட்டாட்சிச் சட்டமே அப்படிச் சொல்கிறது. சாட்சியம் சில நாட்களில் அழிந்துவிடும், புகார் கொடுப்பதா என்ற முடிவை நிதானமாக எடுக்கலாம். நாடு முழுவதற்குமான உதவி எண் 800-656-4673, எந்த நேரமும். பின்தொடர்தல் என்றால் ஒரு குறிப்பேடு போடுங்கள்: தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், எரிச்சலாக இருந்தாலும்.

புகார் கொடுத்தால் விசா போய்விடுமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. குற்றத்துக்கு ஆளானவர் என்பதற்காக மாணவர் விசா ரத்தாவதில்லை. பாடச் சுமையைக் குறைக்க வேண்டி வந்தால் மட்டும், குறைப்பதற்கு முன்னால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். முன்னால் கேட்டால் மருத்துவக் காரணத்துக்கு வழி உண்டு, பின்னால் போனால் சிக்கல். போலீஸுக்குப் போகாமலேயே வகுப்பு மாற்றம், அறை மாற்றம், தொடர்பு கொள்ளக் கூடாதென்ற உத்தரவு இவற்றைப் பல்கலைக்கழகத்திடம் கேட்கவும் முடியும்.

நீங்களே குற்றப்பட்டியலில் ஏறாமல் இருக்க

யாரும் பேசாத பக்கம் இது. கஞ்சா அந்த மாநிலத்தில் சட்டப்படி செல்லும் என்றாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் செல்லாது. விசா கூட்டாட்சியின் கையில் இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே விசா ரத்தாகலாம். சுயசேவைக் கவுண்டரில் ஒரு பொருளை 'மறந்து' ஸ்கேன் செய்யாமல் போவது விளையாட்டல்ல, திருட்டு வழக்கு. சின்னத் தொகைதானே என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேளுங்கள். பல பெரிய பல்கலைக்கழகங்களில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, நீங்கள் கட்டும் கட்டணத்திலேயே அது அடக்கம்.

விருந்தில் யாராவது குடித்துச் சுயநினைவில்லாமல் கிடந்தால், மாட்டிக்கொள்வோமோ என்று தயங்காமல் 911. உதவி கேட்டவரைத் தண்டிப்பதில்லை என்ற விதி பல வளாகங்களிலும் மாநிலங்களிலும் உண்டு. சீனியர்கள் நடத்தும் 'வரவேற்பு' அவமானமாகவோ ஆபத்தாகவோ மாறினால் அதற்கும் இப்போது பெயரும் கணக்கும் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி ராகிங்கும் ஆண்டறிக்கையில் ஏற வேண்டும்.

வீட்டுக்குச் சொல்லி வைக்க வேண்டியது

பதினெட்டு வயது தாண்டிய, அல்லது கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகளைப் பெற்றோருக்குச் சொல்லப் பல்கலைக்கழகத்துக்குக் கடமை இல்லை. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை மாணவர் கையில் கொடுத்துவிட்டது. அப்பா நள்ளிரவில் அழைத்து "என் மகள் வகுப்புக்கு வந்தாளா?" என்று கேட்டால், "சொல்ல இயலாது" என்பதே பதிலாக வரும். அதனால் கிளம்பும் முன்பே அவசரத் தொடர்பு விவரத்தைப் பல்கலைக்கழகப் பதிவில் நிரப்புங்கள். ரூம்மேட் ஒருவர், வேறு வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், இரண்டு பேரின் எண்களை வீட்டில் கொடுங்கள். எண் கொடுப்பதை அவர்களிடமும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஒரு நாள் போன் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்றும் பேசி வையுங்கள். தேர்வு நாளில் போன் அணைந்திருப்பது சகஜம், 24 மணி நேரம் பொறுக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அம்மாவின் கணக்கில் அது இரண்டு மணி நேரமாக இருக்கும். நடுவில் எங்காவது ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் முதலில் ரூம்மேட், பிறகு மற்ற நண்பர். இருவருக்கும் தெரியவில்லை என்றால் வளாகப் போலீஸின் அவசரமில்லாத எண்ணை, நாட்டுக் குறியீட்டோடு, வெளிநாட்டிலிருந்தும் அழைக்கலாம். "வெல்ஃபேர் செக்" என்று கேட்டால் அறைக்கே போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். மாணவரின் முழுப் பெயரை, பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளிலேயே, முகவரியோடு ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள்.